உரச்சாக்கில் ஒரு சீலிங்

மஞ்சள் கறை

தேனியில் ஒரு நகைக்கடையின் சீலிங்கில் கறை இறங்கிவிட்டதாக போன் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, வீரபாண்டிக்குப் பக்கத்தில் கம்பம் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு ஃபால்ஸ் சீலிங் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். பெயர்தான் சூப்பர்வைசர். அளவெடுப்பது, சரக்கைப் பார்த்து இறக்குவது, கஸ்டமர் திட்டினால் வாங்கிக்கொள்வது எல்லாம் என் வேலை.

முதலாளி ராஜாங்கம் அண்ணன் கோட்டயம் பக்கம் பல வருடம் சீலிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே படித்த தொழிலை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தார். தேங்காய் நாரைக்கூட மலையாளத்தில் 'சகிரி' என்றுதான் சொல்வார்.

ஷீட் போடுவது பார்க்க எளிதாக இருக்கும். ஜிப்சம் பவுடரைத் தண்ணீரில் கரைத்து வழவழப்பான மோல்டில் ஊற்ற வேண்டும். அது இறுகுவதற்குள் தேங்காய் நாரை விரித்துப் பரப்பி, மேலே இன்னொரு முறை ஊற்ற வேண்டும். நார் இல்லாத ஷீட் பிஸ்கட் மாதிரி ஒடிந்துவிடும். நார் இருந்தால் விரிசல் விட்டாலும் துண்டாகாமல் நிற்கும்.

நகைக்கடைக்குப் போய் அண்ணாந்து பார்த்தோம். வெள்ளைச் சீலிங்கில் அங்கங்கே மஞ்சள் பழுப்பில் திட்டுத்திட்டாக இருந்தது. சாரல் மாதம். காற்றில் இருந்த ஈரத்தில் நாரின் சாயம் ஊறி வெளியே வந்திருந்தது. கடைக்காரர் சத்தம் போடவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

"மகாலட்சுமி இருக்கற எடம்னு வெள்ளையாக் கேட்டேன். டீயக் கொட்டுன மாதிரி வச்சிருக்கீக" என்றார்.

இரண்டு கோட்டிங் பெயின்ட் அடித்துக் கொடுத்தோம். அடுத்த சாரலுக்குக் கறை பெயின்ட்டைத் தாண்டி வந்து நின்றது. நாரை ஊறப்போட்டு அலசிப் பார்த்தோம், வெயிலில் காயப்போட்டுப் பார்த்தோம். குறைந்ததே தவிர போகவில்லை.

வெள்ளைச் சாக்கு

நார்க் கவலையோடு அண்ணன் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவர் கண்ணில் பட்டதெல்லாம் உரச்சாக்குதான். இந்தப் பள்ளத்தாக்கில் அதற்குப் பஞ்சம் இல்லை. திராட்சைத் தோட்டம், வாழைத் தோட்டம், நெல் வயல் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு. உரத்தைக் கொட்டிவிட்டுச் சிலர் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். மிச்சத்தை வரப்பில் போட்டுக் கொளுத்துவார்கள், இல்லையென்றால் அது வாய்க்காலில் போய் மடையை அடைக்கும்.

ஒருநாள் அப்படி ஒரு சாக்கைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, இழை இழையாகப் பிரித்து, கைநீளத்துக்கு வெட்டி, தேங்காய் நாருக்குப் பதிலாக மோல்டில் பரப்பினார். நான் நம்பவில்லை. காய்ந்த பிறகு இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஷீட்டை வைத்து மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தோம். விரிசல் விட்டது, ஆனால் பிரியவில்லை. முகம் பால் மாதிரி இருந்தது.

"பாத்தியாத்தா செல்வி, கறையும் இல்ல, பூஞ்சையும் இல்ல. ஓடையில கெடக்கறதக் கூரையில ஏத்தப் போறோம்" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

சாக்கு சேகரிக்க ஆள் தேடியபோது பேச்சியம்மாள் கிடைத்தார். வருசநாட்டிலிருந்து இறங்கி வந்து வீரபாண்டியில் குடியிருந்தவர். அப்போது நாற்பது வயது இருக்கும். தள்ளுவண்டியில் பழைய இரும்பு, பாட்டில், பிளாஸ்டிக் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். சாக்கு எதற்கு என்று கேட்டார். சீலிங்குக்கு என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேண்டாம்னு எறிஞ்சதத் தலைக்கு மேல வைக்கறதுக்கு ஆளு இருக்காகளா?" என்றார். இருக்கிறார்கள் என்றேன். மறுநாள் வண்டி நிறையக் கொண்டுவந்தார்.

முதல் லோடு எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. சில சாக்கின் இழையைப் போட்டால் கரைசல் கை எடுப்பதற்குள் கட்டியானது. சில ஷீட் நன்றாகக் காய்ந்து, சாரல் தொடங்கியதும் வேர்க்க ஆரம்பித்தது. துடைத்தால் மறுபடி வேர்த்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. பொட்டாஷும் யூரியாவும் இழைக்குள் ஒட்டியிருந்து ஈரத்தை இழுக்கின்றன என்று பிறகுதான் பிடிபட்டது.

அதனால் சாக்கைக் கழுவ வேண்டியிருந்தது. ஆற்றில் கழுவக் கூடாது என்று அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். பட்டறைக்குப் பின்னால் தொட்டி கட்டினோம். பேச்சியம்மாள் தன் தெருவிலிருந்து நாலைந்து பெண்களைக் கூட்டிவந்தார். கழுவுவது, காயப்போடுவது, இழை பிரிப்பது எல்லாம் அவர்கள் வேலையானது. கழுவின தண்ணீரில் உரம் இருந்ததால் அதைத் தென்னைக்கு விட்டோம். உரம் கையைத் தின்றது. கையுறை வாங்கிக் கொடுத்தேன். கையுறை போட்டால் இழை பிடிபடவில்லை என்று கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள்.

இன்னொரு தொல்லை, இழை வழுக்கும். தேங்காய் நார் இயற்கையாகவே சொரசொரப்பானது, ஜிப்சம் அதைக் கவ்விக்கொள்ளும். பிளாஸ்டிக்கை அப்படிக் கவ்வாது. ஆணி அடித்த பலகையில் இழையைச் சீவி, சிலும்பு எழுப்பிய பிறகுதான் ஷீட்டில் ஓரளவு பிடித்தது. ஒரு ஷீட்டின் பின்பக்கத்தில் ப்ளோ லாம்ப்பைக் காட்டியும் பார்த்தோம். வெளியே தெரிந்த இழைகள் சுருண்டு உருகின. அன்றே சமையல்கட்டுக்கு இந்த ஷீட் இல்லை என்று முடிவு செய்தோம்.

இதெல்லாம் தீர்ந்த பிறகு வேலை நன்றாக ஓடியது. சின்னமனூரில் ஒரு கிளினிக், கம்பத்தில் ஏலக்காய் வியாபாரிகளின் வீடுகள், போடி ரோட்டில் கடைகள். கறை என்று ஒரு போன்கூட வரவில்லை. பேச்சியம்மாள் தள்ளுவண்டியை விற்றுவிட்டார். சுற்றுப்பட்டிலிருந்து சாக்கு தானாக அவரைத் தேடி வந்தது.

யாரும் முடிவு செய்யாத ஒன்று

ஷீட்டை மாட்டுவதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கூரைச் சட்டத்திலிருந்து ஜி.ஐ. கம்பி தொங்கும். ஒரு கொத்து நாரை ஜிப்சம் கரைசலில் முக்கி, அந்தக் கம்பியைச் சுற்றி, ஷீட்டின் முதுகில் அப்பிவிடுவார்கள். இறுகியதும் கம்பியும் ஷீட்டும் ஒன்றாகிவிடும். இதை நாங்கள் 'பிடி' என்போம். சீலிங்கின் மொத்த எடையும் பிடிகளில்தான் நிற்கிறது. கீழே இருந்து பார்ப்பவருக்கு ஒரு பிடிகூடக் கண்ணில் படாது.

மாட்டும் ஆட்களுக்குத் தலைவர் முருகேசன். கை சுத்தமான ஆள். அவர் மாட்டிய சீலிங்கில் மட்டம் பார்க்கவே வேண்டியதில்லை. ஷீட்டுக்குச் சாக்கு இழை வந்த பிறகும் அவர் பிடிக்குத் தேங்காய் நாரைத்தான் எடுத்துப் போனார். பட்டறையில் மிச்சம் இருந்த நார்க்கட்டு தீர்ந்தது. புதிதாக நார் வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, நார்தான் வேண்டாம் என்று விட்டுவிட்டோமே. முருகேசன் குழு சைட்டுக்குக் கிளம்பும்போது எது இருந்ததோ அதை மூட்டை கட்டி எடுத்துப் போனது. இருந்தது சாக்கு இழை.

பிடியை மாற்றலாமா என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அது தானாக மாறிவிட்டது.

உத்தமபாளையம்

உத்தமபாளையத்தில் நூர்ஜகான் டீச்சர் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட நீளமான ஹால். வெயிலில் பிள்ளைகள் வேகிறார்கள் என்று எங்களிடம் சீலிங் போட்டிருந்தார். போட்ட பிறகு சூடு குறைந்ததென்று நாலு பேரிடம் எங்களைச் சொல்லியும் விட்டார்.

ஒரு சித்திரை மாதம், வீரபாண்டித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. பட்டறையில் ஆள் இல்லை, எல்லாரும் கோயிலில். அண்ணனும் நானும் மட்டும் இருந்தோம். போனை எடுத்தவர் அண்ணன். கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார்.

"டீச்சரு ஹால்ல ஷீட்டு விழுந்துருச்சாம்" என்றார்.

ரோடு முழுக்கத் தீச்சட்டி எடுப்பவர்களும் ராட்டினத்துக்குப் போகும் கூட்டமும். பைக்கை உருட்டி உருட்டித்தான் ஊரைத் தாண்டினோம்.

பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம் விழுந்திருக்கிறது. டீச்சர் மட்டும் மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஷீட்டின் மூலை அவர் வலது கை மணிக்கட்டில் விழுந்து எலும்பு விரிசல் விட்டிருந்தது. நாங்கள் போனபோது ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, அதே ஹாலின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே தையல் மெஷின்கள் மேல் வெள்ளைத் தூள் படிந்து கிடந்தது. நாலைந்து பெண்கள் சுவரோரம் நின்றார்கள்.

அண்ணன் கைகூப்பியபடி ஆஸ்பத்திரிச் செலவு தன்னுடையது என்றும், சீலிங்கைப் புதிதாகப் போட்டுத் தருவதாகவும் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது இருக்கட்டும்" என்றார். "இதே மாதிரி வேற எங்கெங்க மாட்டியிருக்கீக?"

அண்ணன் கூப்பிய கையைக் கீழே இறக்கினார்.

"எம்புள்ளைக அரை மணி நேரம் பிந்திப் போயிருந்தா இந்த மெஷின்லதேன் உக்காந்திருக்கும். மத்த எடத்துலயும் ஆளுக உக்காந்துதான இருப்பாக?"

நான் உள்ளே போய், விழுந்த இடத்தை ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். கம்பிகள் அப்படியே தொங்கின. கம்பி நுனியில் ஜிப்சம் கட்டி அப்படியே இருந்தது. அதற்குள் இழை இருந்த இடம் மட்டும் துளைத்துளையாகக் காலியாக இருந்தது. விழுந்த ஷீட்டின் முதுகில் இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அறுந்த இழை ஒன்றுகூட இல்லை. சோற்றுக்குள் விட்ட விரலை உருவினாற்போல, சுத்தமாக உருவிக்கொண்டு வந்திருந்தன. மேலே தகரத்தில் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன்.

மிச்சமிருந்த ஷீட்டுகளை அன்றைக்கே முட்டுக் கொடுத்து, ஹாலைப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தோம்.

பட்டறைத் தகரத்தின் கீழே

மறுநாள் அண்ணன் முருகேசனைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆட்கள் பிளாஸ்டரைக் கம்மியாக வைத்திருப்பார்கள் என்பது அவர் எண்ணம். முருகேசனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"இங்கன என்ன நாரு இருந்துச்சோ அதத்தேன் கட்டுனேன் முதலாளி. நானா மாத்துனேன்?" என்றார்.

வெளியே வேறு பேச்சு ஓடியது. பிளாஸ்டிக் சீலிங், வெயிலில் உருகி விழுந்துவிட்டது என்று கம்பம் வரைக்கும் பரவியிருந்தது. பேச்சியம்மாள் கூட்டிவந்த பெண்கள் தொட்டியருகில் வேலை செய்யாமல் நின்றுகொண்டு என்னையே பார்த்தார்கள். கை குறைவா, சாக்கு குறைவா என்பது எல்லாருக்கும் அன்றைக்கே தெரிய வேண்டியிருந்தது. எனக்கு அது அவ்வளவு சுலபமான கேள்வியாகத் தெரியவில்லை. ஷீட் உடையவில்லை, இழை அறுபடவில்லை, பிளாஸ்டர் குறையவில்லை. பிறகு எப்படி விழுந்தது?

எங்கள் பட்டறைக்கும் தகரக் கூரைதான். அதன் கீழே கம்பி தொங்கவிட்டு, முருகேசனையே பிடி கட்டச் சொன்னேன். சில பிடி தேங்காய் நாரில், சில பிடி சாக்கு இழையில். ஒவ்வொன்றிலும் ஒரே எடையில் மணல் மூட்டை. இதே மாதிரி இன்னொரு வரிசையைப் புளிய மரத்தடியில் பந்தல் கால் நட்டுத் தொங்கவிட்டோம். பிடி இருந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.

மரத்தடியில் எதுவும் அசையவில்லை. தகரத்தின் கீழே தேங்காய் நார்ப் பிடிகளும் அசையவில்லை. சாக்கு இழைப் பிடிகள் மட்டும் மத்தியான வெயில் ஏற ஏறக் கோட்டை விட்டு இறங்கின. சாயங்காலம் நின்றன. மறுநாள் மத்தியானம் மறுபடி இறங்கின. கண்ணுக்குத் தெரியாத வேகம்தான், ஆனால் திரும்பி மேலே போவதில்லை. பல நாள் கழித்து, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு மூட்டை விழுந்தது. முருகேசன் சோற்றுக் கையோடு எழுந்து போய் அந்தப் பிடியை எடுத்துப் பார்த்தார். டீச்சர் ஹாலில் நான் பார்த்த அதே துளைகள்.

"உருகலயே. உருவிருச்சு" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். ஷீட்டுக்குள் இழை நாலாபக்கமும் பரவி, இரண்டு பக்கமும் ஜிப்சத்துக்கு நடுவில் படுத்துக் கிடக்கிறது. அதன் மேல் ஓயாத இழுப்பு இல்லை. பிடியில் அப்படியில்லை. இரவும் பகலும் எடை அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. சூட்டில் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகும், கொஞ்சம் நீளும். வழவழப்பு வேறு. தேங்காய் நாருக்கு அந்தக் குணம் இல்லை.

ஹாலில் கிடந்த படுக்கை

அண்ணனிடம் சொன்னேன். ஷீட்டில் குறை இல்லை, பிடியில்தான் என்றேன். சாக்கு இழைப் பிடி போட்ட எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"நாமளாப் போயி ஒங்க சீலிங் விழும்னு சொன்னா, அப்பறம் நம்மகிட்ட யாருத்தா வருவா? தகரம் போடாத வீடுதான் முக்காவாசி. அங்கன ஒண்ணும் ஆகாது. கூப்பிட்டாகன்னா போயிப் பாப்போம்."

கான்கிரீட் கூரைக்குக் கீழேயும் மேல்மாடியில் சூடு இறங்கத்தானே செய்யும் என்றேன். எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றேன். பட்டறையை நம்பி இருப்பவர்களின் பெயர்களைச் சொன்னார். பேச்சியம்மாளின் பெயரும் அதில் இருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. எனக்கும் வேறு வேலை காத்திருக்கவில்லை. டீச்சருக்கு இன்னும் நாம் பதில் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் இருந்தது. அவர் வேண்டாம் என்றால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தபடி பஸ்ஸில் போனேன். தனியாகப் போய் வீடுவீடாகச் சொல்வேனா, வேலையை விடுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் நான் போனபோது டெம்போ வாசலில் நின்றது. அதில் தேங்காய் நார்க்கட்டுகள் அடுக்கியிருந்தன. விடிந்ததும் கயிறு ஆலைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். முருகேசனிடம் எந்த வீட்டை முதலில் பார்ப்பது என்று பேசிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"எங்க வீட்டு ஹால்லயும் அதே சீலிங்குதான்" என்றார். "நேத்து வீட்டுக்குப் போனதும் புள்ளைக படுக்கைய இழுத்து வெளிய போட்டேன். எதுக்குங்கன்னு அவ கேட்டா. காத்து வரும்னு சொன்னேன். சொல்லிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுத்தா. எம்புள்ளைக்கு மட்டும் காத்து வேணுமா?"

தகரக் கூரைகள் முதலில் என்று முடிவானது.

முதுகுப் பக்கம்

கோடை முடியும் வரை அதுதான் வேலை. ஒவ்வொரு இடத்திலும் அண்ணனே முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். பிடி பலமில்லாமல் போய்விட்டது, எங்கள் தப்பு, மாற்றித் தர வந்திருக்கிறோம் என்பார்.

கம்பத்து வியாபாரி ஒருவர் காப்பி கொடுத்துவிட்டு, ஏலக்காயில் இப்படித் தானாக வந்து சரக்குக் குறையைச் சொல்கிற ஒருவரைக்கூடத் தான் பார்த்ததில்லை என்று சிரித்தார். போடி ரோட்டில் ஒரு கடைக்காரர் எங்களை உள்ளேயே விடவில்லை. ஆளைக் கூப்பிட்டு நாங்கள் நிற்கும்போதே சீலிங் முழுவதையும் இடித்துத் தள்ளச் சொன்னார். அதை நடுரோட்டில் கொட்டினார்கள். அண்ணன் அதையும் டெம்போவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்.

சீலிங்குக்கு மேலே போக ஒரு ஆள் நுழையும் ஓட்டை மட்டும்தான் இருக்கும். முருகேசன் குழுவில் எல்லாரும் வாட்டசாட்டம். நான் ஒல்லி. அதனால் டார்ச்சோடு முதலில் நுழைந்து பார்ப்பது என் வேலையானது. சுடிதார் மேல் அண்ணனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தகரத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி ஊர்ந்து போவேன். வெளியே வந்தால் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டுதான் பேசவே முடியும்.

அந்தச் சின்னமனூர் கிளினிக்கை மட்டும் என்னால் மறக்க முடியாது. மேலே போய்ப் பார்த்தபோது, நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் மேலே வரிசையாகப் பிடிகள் எல்லாம் இறங்கியிருந்தன. பக்கத்து ஷீட்டோடு சேர்த்துப் பூசிய ஜாயின்ட்டில்தான் அந்த ஷீட் நின்றுகொண்டிருந்தது. கீழே ஒரு குழந்தை இருமும் சத்தம் கேட்டது. நான் எதையும் தொடவில்லை. மெதுவாகப் பின்னால் ஊர்ந்து, ஓட்டையில் தலையை நீட்டி, பெஞ்சில் இருப்பவர்களை வெளியே அனுப்பச் சொன்னேன்.

டாக்டர் நான் கொடுத்த டார்ச்சை வாங்கி, ஏணியில் ஏறித் தானே பார்த்தார். இறங்கி வந்து கையைக் கழுவினார். வேலை முடியும்வரை கிளினிக்கை மூடிவைக்கச் சொன்னார். எங்களைத் திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை.

பேச்சியம்மாள் கேட்டது

புது ஆர்டர் வரவில்லை. தொட்டி வற்றிக் கிடந்தது. சாக்குக் கழுவிய பெண்களில் பாதிப் பேர் திராட்சைத் தோட்டத்துக் கூலிக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் பேச்சியம்மாள் என்னைத் தேடி வந்தார்.

"முருகேசன் தம்பி மேல தப்பு இல்லேன்டு சொல்லிட்டீக. முதலாளியும் நல்லவருன்டு ஊரே பேசுது. சாக்குதேன் விழுந்துச்சுங்கறாக. நாங்க கழுவுன சாக்கு என்ன செஞ்சுச்சு?"

சாக்கு ஒன்றும் செய்யவில்லை, அதை வைக்கக் கூடாத இடத்தில் வைத்துவிட்டோம் என்று சொன்னேன். ஷீட்டில் அது நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

"அத எங்கிட்டச் சொல்லி என்ன ஆத்தா ஆகப் போகுது? ஊருக்குச் சொல்லுங்க."

ஊருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டீஸ் அடித்தால் யார் நம்புவார்கள்? டீச்சருக்குச் சீலிங் போட்டுத் தர வேண்டியிருந்தது. அங்கே போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மணல் மூட்டை, பென்சில் கோடு, கிளினிக் எல்லாம். பிறகு, முழுக்கத் தேங்காய் நாரில் வேண்டுமா, ஷீட் சாக்கு இழையிலும் பிடி தேங்காய் நாரிலும் போடலாமா என்று கேட்டேன். எது சொன்னாலும் அப்படியே செய்வோம் என்றேன்.

டீச்சர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். இழையைக் காட்டச் சொல்லி வாங்கி இழுத்துப் பார்த்தார். துணியில் பழகிய கை. பிறகு சொன்னார்.

"நீங்க சொல்ற மாதிரியே போடுங்க. ஆனா, ஒவ்வொரு ஷீட்டுலயும் அந்த மணல் மூட்டையத் தொங்கவிட்டுட்டுப் போங்க. வெயில் காலம் முழுக்கத் தொங்கட்டும். அதுவரைக்கும் எம்புள்ளைக கீழ் வராண்டாவுல இருக்கட்டும்."

அப்படியே செய்தோம். அந்த வருடக் கோடை முடிந்துவிட்டதால் அடுத்த கோடை வரை காத்திருந்தோம். அந்தக் கோடை முழுக்க மூட்டைகள் தொங்கின. மாடியேறிப் பார்க்க யார் யாரோ வந்தார்கள். டீச்சர் யாரையும் தடுக்கவில்லை. மூட்டை தொங்கும் சீலிங் என்று உத்தமபாளையத்தில் அதற்குப் பேராகிவிட்டது. ஒரு மூட்டையும் இறங்கவில்லை. கோடை முடிந்து மூட்டைகளை அவிழ்த்த வாரமே எங்களுக்கு இரண்டு ஆர்டர் வந்தது, இரண்டும் அந்தத் தெருவிலிருந்தே.

பட்டறை அதன் பிறகும் பல வருடம் நடந்தது. பழைய வேகம் வரவில்லை, மோசமும் இல்லை. சாக்கு இழை ஷீட்டுக்கு மட்டும். பிடிக்குத் தேங்காய் நார், அதுவும் கறை வராதபடி ஷீட்டின் முதுகோடு நின்றுவிடும். அண்ணன் இரண்டையும் வேறுவேறு அறையில் பூட்டி வைத்தார். தவறிக்கூட ஒன்று இன்னொன்றின் மூட்டையில் போகக் கூடாது என்பதற்காக.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கழிவுப் பிளாஸ்டிக்கை எதில் எதிலோ கலக்கலாம் என்று ஆர்வமாக வந்து பேசுகிறார்கள். எனக்கும் அதில் ஆசைதான். தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும்போது, எடுக்கிற பொருள் அங்கே என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று முழுதாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன். தேங்காய் நார் எங்களிடம் இரண்டு வேலை பார்த்தது. ஒன்றுதான் எங்கள் கண்ணில் பட்டது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது.

வகுப்பு மறுபடி மாடிக்குப் போன அன்று பேச்சியம்மாளை நான் கூட்டிப்போனேன். அவர் அதுவரை நாங்கள் போட்ட ஒரு சீலிங்கையும் பார்த்ததில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, தலையைப் பின்னால் சாய்த்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இதுல ஒரு சாக்காவது தெரியுதான்டு பாக்கறேன், தெரியலயே" என்றார்.

டீச்சர் சிரித்துக்கொண்டே அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். ரவிக்கை தைத்துத் தருவதாகச் சொன்னார். பேச்சியம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று கூச்சப்பட்டார். டீச்சர் விடவில்லை. டேப்பை எடுத்து, முழுதாக மடங்காத அந்த வலது கையால் அவர் தோளில் வைத்து அளவெடுத்தார்.